பக்கத்து சீட்டில் நாற்பத்தொன்பது கிலோ

வரைபடக்காரரின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தராசு வைத்து எடை போட்டபோது, யாரும் உட்காராத பக்கத்து சீட்டில் நாற்பத்தொன்பது கிலோ இருந்தது. தராசில்தான் கோளாறு என்று டாக்டர் முதலில் நினைத்தார். டாக்டர் என்பது மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இரும்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, வண்டிக்கு என்ன நோய் என்று சொல்வார். தராசுகளை இடம் மாற்றிப் பார்த்தார். தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். சீட்டைக் கழற்றித் தனியாக எடை போட்டார். சீட்டு பதினொரு கிலோ, அதில் குறையொன்றுமில்லை. திரும்ப மாட்டியதும் நாற்பத்தொன்பது கிலோ வந்து உட்கார்ந்துகொண்டது. அது யாருடைய எடை என்று வரைபடக்காரர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில், மகளின் பெயருக்குக் கீழே அந்த எண்தான் இருந்தது.

அவர் குடிநீர் அலுவலகத்தில் குழாய்ப் பாதைகளை வரைகிறவர். கோடு மயிரிழை தப்பினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவார். அப்படிப்பட்ட ஆள் இருபத்தாறு வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். தரையோடு தரையாகப் படுத்து ஓடுகிற அந்த வண்டியில் சாலையில் கிடக்கும் சிறு கல்கூட முதுகெலும்பில் தெரியும். முன்பக்கத்தில் ஏதாவது கிரீச்சிடும், அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுப்பார். அது அடங்கினால் இன்னொன்று முனகும், அடுத்த ஞாயிறும் போகும். மனைவி அந்தக் காரைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். மகள் சின்ன வயதிலேயே கட்சி மாறி அப்பாவோடு சேர்ந்துகொண்டாள். இருந்தது இரண்டே சீட்டு. அதனால் அப்பாவும் மகளும் போவார்கள், அம்மா கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வருவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது உண்மைதான்.

மகளுக்குப் பத்தொன்பது வயதானபோது ஒரு ஞாயிறு காலை, கார் ஸ்டாண்டுகளின் மேல், முன்சக்கரம் இரண்டும் கழன்று, உள்ளே சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளும் அவிழ்ந்த நிலையில் இருந்தது. ஏதோ ஒரு சின்னக் கிரீச் சத்தம். பத்தரை மணிக்கு மகளுக்கு ஆஸ்துமா வந்தது. முன்பும் வந்திருக்கிறது, ஆனால் இந்த முறை மருந்து கேட்கவில்லை. ஏதாவது வண்டியைக் கூப்பிடலாம் என்று மனைவி சொன்னாள். அவர், "வண்டி வர்றதுக்குள்ள நான் மாட்டிடுவேன். பத்தே நிமிஷம்" என்றார். பொய் சொல்லவில்லை. அந்த இரண்டு சக்கரங்களை நூறு தடவை மாட்டியவர், பத்து நிமிடத்தில் முடித்தும் காட்டியிருக்கிறார். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அன்று அவர் பதறினார். ஒரு நட்டு உருண்டு சாக்கடைக்குள் போனது. வேறு தேடி எடுத்தார். நாற்பது நிமிடம் ஆனது. அந்த அவசரத்தில், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கினார். அந்த இரும்புக் கைகள் பாடியோடு சேரும் இடத்தில் புஷ் என்று ஒரு ரப்பர் வளையம் உண்டு. வண்டி தரையில் இறங்கி, தன் பாரத்தையும் உட்கார்ந்திருப்பவர்களின் பாரத்தையும் தாங்கி நிற்கும்போதுதான் அதை முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் காலமெல்லாம் திருகிக்கொண்டே கிடந்து சத்தம் போடும். இது அவருக்குத் தெரியாததல்ல. மகளைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மனைவிக்கு இடமில்லை. போகும் வழியில் முன்பக்கத்தில் டொக் என்று ஒரு சத்தம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றபோது மகளிடம் மூச்சில்லை.

அதன்பிறகு மனைவி மாடி அறைக்குப் போய்விட்டாள். பேச்சு, பால் தீர்ந்துவிட்டது, கேஸ் வரவில்லை என்ற அளவோடு நின்றுபோனது. சண்டை போட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். காரை விற்கச் சொல்லி உறவுக்காரர்கள் வந்து நின்றார்கள், அவர் கேட்கவில்லை. அந்த டொக் சத்தத்தைக் கண்டுபிடித்து நிறுத்தாமல் காரைத் தொடவிட மாட்டேன் என்றார். சத்தத்தைப் பிடித்துவிட்டால் அந்த நாற்பது நிமிடத்தில் பாதியாவது திரும்பி வரும் என்பதுபோல அலைந்தார். டாக்டர் இரண்டு வருடம் வைத்தியம் பார்த்தார். முதலில் புஷ்களைப் புதிதாகப் போட்டு, வண்டியைத் தரையில் நிறுத்தி முறைப்படி முறுக்கினார். சத்தம் நிற்கவில்லை. பால் ஜாயின்ட்டை மாற்றினார், ஷாக் அப்சார்பரை மாற்றினார், சக்கரத்தின் பேரிங்கையும் விடவில்லை. கழற்றிப் போட்ட சாமான்களிலேயே இன்னொரு கார் செய்திருக்கலாம். வரைபடக்காரர் ஓட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் டொக். ஊர்வாயை மூட உலைமூடி ஏது. பேய்க் கார் என்று ஒரு தெரு சொன்னது, டாக்டருக்குத் தொழில் தெரியாது என்று இன்னொரு தெரு சொன்னது. இரண்டாவது பேச்சுதான் டாக்டரைச் சுட்டது. கார்ப் பந்தயக்காரர்களிடம் போய் நான்கு தராசுகளை இரவல் வாங்கி வந்தார்.

நாற்பத்தொன்பது கிலோவைப் பார்த்தபின் டாக்டர் சிறிது நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு வரைபடக்காரரை ஏறி உட்காரச் சொன்னார். அவர் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தார். மறுபக்கக் கதவு திறக்கவில்லை, எதுவும் அசையவில்லை, பக்கத்து சீட்டின் எடை மட்டும் போய்விட்டது. இறங்கினார், நாற்பத்தொன்பது. ஏறினார், ஒன்றுமில்லை. மூன்று முறை பார்த்தார்கள். மூன்றாவது முறை இறங்கும்போது வரைபடக்காரரின் முகத்தைப் பார்க்க டாக்டருக்கு மனம் வரவில்லை.

"நோய் தெரிஞ்சுபோச்சு சார்" என்றார் தரையைப் பார்த்தபடி. "நான் ஒவ்வொரு தடவையும் நீங்க இல்லாத நேரத்துல முறுக்கினேன். அப்ப பாப்பா உள்ள இருந்திருக்கு. நீங்க ஏறினதும் எறங்கிடுது. பாரம் மாறுதா, ரப்பர் திருகுது."

"இப்ப என்ன பண்றது?"

"சுலபம்தான். நீங்க உக்காருங்க. பக்கத்து சீட்டு காலின்னு வெச்சு இப்பவே முறுக்கிடறேன். இன்னையோட சத்தம் போயிடும்."

இரண்டு வருடமாக அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான். ஸ்பேனரோடு டாக்டர் குனிந்தும் விட்டார். வரைபடக்காரர் கதவில் கை வைத்தபடி நின்றார். "வேணாம்" என்றார். "எல்லாத்தையும் லூஸ் பண்ணியே வைங்க. நாளைக்கு வர்றேன்." வீடுவரை நடந்தே போனார்.

மாடிப்படியில் அவர் ஏறியது அந்த இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்று எடையைச் சொன்னார். பிறகு அதைவிடக் கஷ்டமானதைச் சொன்னார்: "நான் உக்காந்தா அவ எறங்கிடறா."

மனைவி துணியை மடித்து முடித்தாள். "எறங்கத்தான் செய்வா" என்றாள். மடித்ததை அலமாரியில் அடுக்கிவிட்டு, "அன்னைக்கு எனக்கு எடமில்ல" என்றாள். மறுநாள் காலை அவருக்கு முன்பே கேட்டருகில் வந்து நின்றாள்.

ஷெட்டில் அவள் யாரையும் எதுவும் கேட்காமல் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள். கால் பெடலுக்கு எட்டாததால் சீட்டை முன்னால் இழுத்துவிட்டார்கள். பக்கத்தில் நாற்பத்தொன்பது கிலோ அப்படியே இருந்தது. டாக்டர் அடியில் புகுந்து, "அம்மா, அசையாம உக்காருங்க. ரெண்டு பேரும்" என்று குரல் கொடுத்துவிட்டு ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினார். மனைவி பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடிக்கு நேராகப் பார்த்துக்கொண்டு அழுதாள். வரைபடக்காரர் ஷெட்டுக்கு வெளியே டயர்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

ஐம்பத்தொரு வயதில் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். சொந்தக் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்கார இடமில்லாததால் பயிற்சிப் பள்ளியின் வண்டியில் நான்கு மாதம் பழகினாள். பிறகு ஞாயிறுதோறும் காலையில் எடுத்துக்கொண்டு போவாள். ஒரு சத்தம் கிடையாது. தண்ணீரில் போவதுபோல் போகிறது என்று தெருவே சொன்னது. பக்கத்து சீட்டுக்கும் பெல்ட் போட்டுவிடுவாள், அது தொளதொளவென்று தொங்கியதில்லை. வருடத்துக்கு ஒரு முறை டாக்டர் எடை பார்த்து போல்ட்டுகளைத் திருத்தினார். மூன்றாம் வருடம் ஐம்பத்தொரு கிலோ. "பாப்பா கொஞ்சம் தேறியிருக்கு" என்றார். ஏழாம் வருடம் ஐம்பத்து நான்கு. வண்டிப் பரிசோதனைக்கு வந்த அதிகாரி தராசைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், படிவத்தில் இரண்டு பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேட்டைத் திறந்துவிடுவதும் சாத்துவதும் இப்போது வரைபடக்காரரின் வேலை.

காரை விட்டுப் போன சத்தம் அவருடைய வலது முட்டிக்கு வந்திருந்தது. மனைவி முதன்முதலாகக் காரை எடுத்துக்கொண்டு போன ஞாயிறன்று, கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பும்போது டொக் என்றது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். ஸ்க்ரூ டிரைவர் டாக்டர் முட்டியில் நுனியை ஊன்றிக் கேட்டுவிட்டு, "அதே சத்தம்தான் சார். எங்கயாவது போகத்தானே வேணும்" என்றார். வரைபடக்காரரால் சும்மா இருக்க முடியவில்லை. செருப்பை மாற்றினார், பட்டை கட்டினார், எண்ணெய் தேய்த்தார், படியில் எந்தக் கோணத்தில் கால் வைத்தால் வருகிறது, எந்தக் கோணத்தில் வரவில்லை என்று வருடக்கணக்கில் குறித்துவைத்தார். கடைசியில் தன் முட்டியையே அச்சு அசலாக அதே அளவில் வரைந்து, பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் வெட்டுத் தோற்றம் போட்டு, மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பிற்பகலில் மனைவி தண்ணீர் எடுக்கக் கீழே வந்தவள் அதைப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல. சத்தம் மட்டும்தான்."

"நடங்க பாப்போம்."

அவர் ஜன்னலிலிருந்து கதவுவரை நடந்தார். மனைவி சொம்பைக் கையில் பிடித்தபடி அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். திரும்பவும் நடக்கச் சொன்னாள்.

"அன்னைக்குக் கார் தெருமுனை திரும்பறப்ப இந்தச் சத்தம்தான் கேட்டுச்சு" என்றாள். "கேட்டுக்கிட்டேதான் நின்னேன். அதுக்கப்புறம் உசுரோட அவ வீட்டுக்கு வரல."

அவர் மேசைப் பக்கம் திரும்பி அளவுகோலை எடுத்தார்.

"தேடாதீங்க. அது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் மேலே போனாள்.

அவர் படத்தைச் சுருட்டி அலமாரியில் வைத்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், மூட்டுக்கு ஆகாது என்று எலும்பு டாக்டர் கண்டித்தும், சத்தம் வருகிற கோணத்திலேயே கால் வைத்து, மாடிப்படியில் அவள் அறைவரை ஒரு தடவை ஏறி இறங்குகிறார்.