கூடத்தை அடைத்த பந்தயக் கார்

கோகுலன் தரையில் மல்லாந்து படுத்து, இடுப்புவரை இயந்திரத்தின் அடியில் நுழைந்திருந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கைப்பேசி வெளிச்சத்தில் எதையோ தட்டினான், திருகிப் பார்த்தான். பிறகு உள்ளே இருந்தபடியே, ஒரு ஸ்குருகூடக் கண்ணில் படவில்லை என்றான்.

நவமணி சுவரோரம் நின்று தம்பியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பன்னிரண்டரை. அவள் கணவர் பிச்சைமுத்துவை ஏற்றிய வண்டி மருத்துவமனையிலிருந்து கிளம்பிவிட்டது என்று சவப்பெட்டிக்காரர் இப்போதுதான் கூப்பிட்டுச் சொன்னார். தலை தெற்கே இருக்கும்படி கூடத்தில் எட்டடி இடம் ஒழித்து வைக்கச் சொன்னார்.

அவள் சரி என்று சொல்லிவிட்டாள். வேறு என்ன சொல்வது? கூடத்தின் நடுவில் குறுக்கே ஒரு பந்தயக் கார் நிற்கிறது, அதை எடுக்க வழியில்லை என்று துக்கம் நடக்கும் நாளில் யாரிடம் சொல்ல முடியும்?

அது வீடியோ கேம் கடைகளில் காசு போட்டு ஓட்டுகிற கார். முன்னால் பெரிய திரை, கீழே மிதிகள், ஸ்டீரிங், கியர், அதற்குப் பின்னால் சிவப்பு இருக்கை. ஏழடி நீளம். ஒன்பதடி அகலமுள்ள கூடத்தில் அது போக மிஞ்சியது இரண்டடிச் சந்து. மூன்று வருடங்களாக அந்தச் சந்தில் ஒருக்களித்து நுழைந்துதான் நவமணி சமையலறைக்கும் அறைக்கும் குளியலறைக்கும் போய்வந்தாள். மார்க்கெட் பை ஒரு கையில் இருந்தால் பையை முதலில் அனுப்பிவிட்டுப் பின்னால் போக வேண்டும்.

பிச்சைமுத்து கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவராக முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தார். காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஃபெரி ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். அறுபது வயதில் ஓய்வு. இரண்டாவது மாதம், பழைய பேரங்காடி ஒன்றின் மாடியில் இருந்த கேம் கடையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், யாரும் சீண்டாத இந்த இயந்திரத்தோடு லாரியில் வந்து இறங்கினார். நாலாவது மாடிக்கு அது லிஃப்டில் வராது, படியில் திரும்பாது. கீழே கார் நிறுத்துமிடத்திலேயே தார்ப்பாய் போட்டு ஆறு நாள் உட்கார்ந்து கழற்றினார். எதிர்வீட்டு இம்ரானைக் கூட்டிக்கொண்டு துண்டு துண்டாக மேலே ஏற்றி, கூடத்திலேயே திரும்பப் பூட்டினார். ஒரே மாதம்தான், சரிசெய்து விற்றுவிடுவேன் என்று நவமணியிடம் சொன்னார்.

முதலில் சோபா போனது. பிறகு சாப்பாட்டு மேசை. சாமி படங்கள் குளிர்பெட்டியின் மேல் ஏறின. மகள் துளசி பாலத்துக்கு அப்பால் உள்ள பத்து காவான் என்ற ஊரிலிருந்து சனிக்கிழமைகளில் கணவனோடு வந்து கூடத்தில் மெத்தை விரித்துத் தங்குவாள். அதுவும் நின்றது. குழந்தை பிறந்த பிறகும், காலை பத்துக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் பாலத்தில் நெரிசல் ஏறும் முன்பே கிளம்பிவிடுவாள். அந்த ஒன்றுக்காக மட்டும் நவமணி அவரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். அவருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. வாங்குவதற்கு ஆள் வருகிறான், அடுத்த வாரம் வருகிறான் என்றார். மாதத்துக்கு ஓர் ஆள் வருவதாக இருந்தது. யாரும் வந்ததில்லை.

நேற்று மத்தியானம் வெயிலில் கிளம்பிப் போனதும் இதற்காகத்தான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஐந்தடி நடைபாதையில் சரிந்து விழுந்தவரை நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர்கள்தான் தூக்கிக் காரில் போட்டார்கள். வேலைக்குப் போயிருந்த நவமணி சீருடையோடு மருத்துவமனைக்கு ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாதி ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். மூக்குக்கண்ணாடி, கைப்பேசி, அடையாள அட்டை. அவற்றோடு காகிதத்தில் சுற்றிய இரண்டு ஸ்பிரிங். பிரேக் மிதிக்கு.

அந்த ஸ்பிரிங்கைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

பேசாமல் கீழ்த்தளத்துப் பொது மண்டபத்தில் வைத்துவிடலாம் என்று கோகுலன் காலையிலேயே சொன்னான். குடியிருப்போர் சங்கச் செயலாளர் நூர் ஃபாத்திஹா, வேறு பதிவு இருந்தாலும் தான் பேசித் தள்ளிவைப்பதாகச் சொன்னார். துளசிதான் கேட்கவில்லை. அப்பா வீட்டுக்கு வர வேண்டும் என்று அழுதாள். சரி, வரட்டும் என்று நவமணி சொல்லிவிட்டாள்.

கோகுலன் வெளியே வந்தான். சட்டை முதுகெல்லாம் கறுப்பு. "திரைப் பொட்டிக்கும் சீட்டுக்கும் நடுவுல ஜாயின்ட் இருக்கணும்க்கா. அது இல்ல. ஒரே இரும்பாட்டம் இருக்கு" என்றான்.

எதிர்வீட்டு இம்ரான் வாசலிலேயே நின்றிருந்தான். ஏற்றும்போது உடன் இருந்தவன் ஆயிற்றே, நீயாவது காட்டு என்று கோகுலன் கூப்பிட்டான். இம்ரான் உள்ளே வந்தான், குனியவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான்.

"அது கழறாதுண்ணே. போன வருசமே வெல்டிங் வச்சிட்டாரு."

துளசியின் பேறுகாலத்துக்கு நவமணி பத்து காவானில் இருந்த வாரம். மாக் மண்டினில் கூட வேலை பார்த்த ஹரீஷ் சின்ன வெல்டிங் மெஷினோடு வந்திருக்கிறான். நவமணிக்கு நினைவு வந்தது. திரும்பி வந்தபோது வீடெல்லாம் தீய்ந்த வாடை. சோறு அடிப்பிடித்துவிட்டது என்றார். அவள் நம்பி, சோற்றுப் பானையைத் தேடித் தேய்க்கப் போனாள். பானை சுத்தமாகத்தான் இருந்தது.

"எதுக்கு வெல்டிங்?" என்று கேட்டாள்.

இம்ரான் தயங்கினான். "நீங்க யாரையாவது கூட்டியாந்து தூக்கிருவீங்களோன்னு பயம்லா அக்கா. இதுவும் இல்லாட்டி காலையில எந்திரிச்சு நான் என்னா செய்யறது இம்ரான்னு கேட்டாரு. எனக்கு என்னா சொல்றதுன்னு தெரியல."

நவமணி சேலைத் தலைப்பால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்" என்றாள்.

ஒன்றே காலுக்குப் பெட்டி வந்தது. ஆறு பேர் நாலு மாடி சுமந்து வந்து வாசலில் மூச்சு வாங்கினார்கள். பெட்டிக்காரர் கூடத்தைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார், நவமணியைப் பார்த்தார். வாசலிலிருந்து இயந்திரம்வரை இருந்தது ஆறடி. தலை தெற்கே இருக்க வேண்டுமென்றால் பெட்டியின் தலைப்பக்கம் சந்துக்குள் நுழைந்தே ஆக வேண்டும். அப்படித்தான் வைத்தார்கள். பிச்சைமுத்துவின் தலை சிவப்பு இருக்கையின் முதுகை ஒட்டி அமைந்தது. சந்து அடைந்துபோனது.

அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. தண்ணீர், அடுப்பு, கழிவறை எல்லாமே இயந்திரத்துக்கு அந்தப் பக்கம். போவதற்கு ஒரே வழி, காரின் இருபுறமும் திறந்திருந்த இடத்தில் ஏறி, இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டீரிங்குக்குக் கீழே காலை மடக்கிச் சுழற்றி, அடுத்த பக்கம் இறங்குவது. பெரிய அத்தை போனார். சேலை கியரில் மாட்டியது. விளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்தவள் கிண்ணத்தை முதலில் நீட்டிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து வந்தாள். சடங்கு நடத்த வந்த பண்டாரம் ஒரு குடம் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநர்போலச் சில நொடி அசையாமல் இருந்தார்.

போதாததற்கு இயந்திரம் அணைக்கப்படாமல் இருந்தது. பிளக் திரைப் பெட்டிக்குப் பின்னால் சுவரோடு நசுங்கிக் கிடந்தது. தேவாரம் தொடங்கியபோது யாரோ ஒருவரின் முழங்கை எதிலோ பட்டு, எஞ்சின் உறுமியது. திரையில் ஒரு கூட்டம் கைதட்டியது. கோகுலன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினான். மின்விசிறியும் நின்றது. அத்தனை கூட்டத்தில் ஐந்து நிமிடம் தாங்க முடியவில்லை. திரும்ப ஏற்றினார்கள். கைதட்டலும் திரும்ப வந்தது. துளசி கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையணையை எடுத்து ஒலிபெருக்கியின் மேல் அழுத்திப் பிடித்தாள். பதிகம் முடியும்வரை அப்படியே நின்று, பிறகு அதை அங்கேயே இறுகச் செருகிவிட்டாள். நவமணிக்கு அந்த மனிதரைத் தட்டி எழுப்பி, எழுந்து வந்து இதை நிறுத்திவிட்டுப் படுங்கள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

வாய்க்கரிசிக்கு முன் அவளைக் குளிக்கச் சொன்னார்கள். குளித்து, ஈரச் சேலையோடு, கையில் அரிசிக் கிண்ணத்தோடு இயந்திரத்துக்கு உட்புறம் வந்து நின்றாள். அந்தப் பக்கம் எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். மூன்று வருடத்தில் அவள் ஒருமுறைகூட அதில் உட்கார்ந்ததில்லை. ஒரு தரம், ஒரே ஒரு தரம் உட்கார்ந்து பார் என்று அவர் கேட்டிருக்கிறார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஏறி உட்கார்ந்தாள். இருக்கை அவருக்கேற்றபடி முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அவரும் குட்டை, அவளும் குட்டை. கால் தானாகவே மிதியில் போய்ச் சேர்ந்தது. பிரேக் மிதி எதிர்ப்பே இல்லாமல் தரைவரை இறங்கி, மேலே வரவில்லை. திரையில் சாலை ஒன்று கடலோரமாக வளைந்து வளைந்து ஓடியது. ஒலி இல்லாமல் பார்க்க அது வேறுமாதிரி இருந்தது. முதுகுக்குப் பின்னால், ஒரு முழத் தூரத்தில் அவர்.

"அம்மா" என்று துளசி மெல்லக் கூப்பிட்டாள்.

"இரு" என்றாள் நவமணி. இரண்டு வளைவு தாண்டும்வரை பார்த்தாள். பிறகு காலைச் சுழற்றி இறங்கினாள்.

மூன்று மணிக்கு ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்து லஞ்சாங் சுடலைக்குக் கிளம்பினார்கள். படிகளில் குரல்கள் இறங்கித் தேய்ந்தன. வீட்டைக் கழுவிவிட வேண்டும் என்று அத்தை சொன்னார். பெண்கள் குளியலறையிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். பூவிதழும் அரிசியும் மஞ்சளும் மிதந்து, தண்ணீர் கூடமெங்கும் பரவியது.

நவமணி அறைக்குள் போய் அவருடைய பழைய சட்டைகள், துண்டுகள், கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிவந்தாள். மண்டியிட்டு இயந்திரத்தின் அடிவிளிம்பைச் சுற்றி ஒவ்வொன்றாகத் திணிக்கத் தொடங்கினாள்.

விடு நவமணி, எப்படியும் வெட்டித் தூக்கிப் போடப்போகிறதுதானே என்றார் அத்தை.

"உள்ள தண்ணி போனா கரண்டு அடிக்கும்" என்றாள்.

இன்னொரு வாளி வந்தது. அவள் கடைசித் துண்டை முறுக்கி மூலையில் அழுத்தி, இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் துணியின் ஓரம்வரை வந்து நின்று, பிறகு வாசல் பக்கமாகத் திரும்பி ஓடியது.