ரெண்டு போட்டுப் பாருங்க

மனித அறிவின் சிகரம் கணிதம். கணிதத்தின் சிகரம் இயற்கணிதம். அந்தச் சிகரத்தில் நின்று உலகத்துக்கு வழிகாட்டவே தான் பிறந்ததாக டியூஷன் சென்டர் நிறுவனர் ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் சொல்வார். சிகரம் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. மழை பெய்தால் கடைசி பெஞ்சு நனையும்.

அவர் எழுதிய சூத்திரப் புத்தகம்தான் அங்கே வேதம். அதன் முதல் பக்கத்தில் x × x = 2x என்றிருந்தது. அச்சகத்தின் மேல் பழி போட முடியாது. அவர் கைப்பட எழுதிக் கொடுத்ததுதான். விடை சரியா என்று பார்க்க சென்டரில் ஒரே வழி, எழுத்து இருக்கும் இடத்தில் ரெண்டைப் போட்டுப் பார்ப்பது. போட்டால் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கமும் நாலு. சந்தேகப்பட யாருக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

புதிதாக வந்த டீச்சர் மூன்றைப் போட்டாள். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வேலை போன கணவன் வீட்டில் உட்கார்ந்து, தொட்டிச் செடிகள் அழுகும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"சார், மூணு போட்டா இந்தப் பக்கம் ஒன்பது, அந்தப் பக்கம் ஆறு வருது. x ஸ்கொயர்னு இருக்கணும்."

"ரெண்டு போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். அதுக்கு மட்டும் சரியா வருது."

"அப்புறம் ஏம்மா மூணுகிட்ட போறீங்க?"

மேனேஜர் நாற்காலியில் இருந்த நிறுவனரின் மச்சான் சிரித்தான். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்காதீங்க டீச்சர்."

ஸ்கூல் பரீட்சையில் சென்டர் பிள்ளைகள் ஒன்றுபோல 2x எழுதி, ஒன்றுபோல முட்டை வாங்கினார்கள். பெற்றோர் திரண்டு மாடியேறினார்கள். முன்னால் ஒரு பஸ் கண்டக்டர்.

"ஒரு பிள்ளை தப்பு பண்ணா திட்டலாம். எல்லாப் பிள்ளையும் அதே தப்பைப் பண்ணா யாரைத் திட்டறது சார்?"

நிறுவனர் அசரவில்லை. "நம்ம டீச்சர் கணக்குல எம்.எஸ்ஸி. அவங்களே சொல்லட்டும்."

மச்சான் குனிந்து, நலம் விசாரிப்பதுபோல மெல்லக் கேட்டான். "இந்த மாசத்தோட உங்க தற்காலிகம் முடியுது இல்ல?"

டீச்சர் சாக்பீஸை எடுத்தாள். போர்டில் அந்தச் சூத்திரத்தை எழுதினாள்.

"x-க்கு ரெண்டு போட்டுப் பாருங்க" என்றாள்.

கண்டக்டர் போட்டுப் பார்த்தார். "ஆமா, நாலு. ரெண்டு பக்கமும் நாலுதான். அப்ப ஸ்கூல்லதான் தப்பா திருத்திட்டாங்களா?"

டீச்சர் திரும்பிப் பார்க்காமல் போர்டை அழித்தாள். பெற்றோர் ஸ்கூல்காரர்களைத் திட்டிக்கொண்டே படியிறங்கினார்கள்.

மறுநாள் அவள் வேலை நிரந்தரமானது. அதே வாரம் தன் மகளை எதிர்த்தெருவில் இருந்த வேறொரு டியூஷனில் சேர்க்கக் கூட்டிப் போனாள். முதல் பெஞ்சில் நிறுவனரின் மகள் உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்கு முன்பே சேர்ந்துவிட்டாளாம்.