ஊட்டிக்குப் பதினாறு ஓட்டு

1982 ஜனவரியில் ஏற்காட்டில் எங்கள் கல்லூரி விடுதியின் சுவர்ப் பத்திரிகைக்கு நான்தான் ஆசிரியர். நாகப்பட்டினத்துக்காரன். எழுத்துப் பிழையைக் கண்டால் சிவப்பு மைப் பேனாவோடு பாய்வேன். அந்தத் திமிரால் வந்த வினை இது.

இறுதியாண்டுச் சுற்றுலா எங்கே போகலாம் என்று மாணவர் கருத்துக் கேட்டேன். முப்பது பேர், முப்பது துண்டுச் சீட்டு, பெயர் போட வேண்டாம். என் அறைத்தோழன் பொன்னுவேல் அதே மலையில் பிறந்த கிளியூர்க்காரன். விடுதி நாயைக்கூட "வாங்க" என்றுதான் கூப்பிடுவான். கடலையே பார்த்ததில்லை. ஒரு வாரம் அறை அறையாகப் போய், "கன்னியாகுமரின்னு எழுதுங்க, நொம்பப் புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சினான்.

கன்னியாகுமரிக்குப் பதினான்கு விழுந்தது. ஊட்டிக்குப் பதினொன்று. மீதி ஐந்து சீட்டில் 'ஊட்டுக்கு' என்று இருந்தது. தினம் காதில் விழுகிற சொல்தான். எழுத்தில் பார்த்ததும் எனக்குப் பிழையாகத்தான் தெரிந்தது. ஊட்டி என்று எழுதக்கூடத் தெரியவில்லையே என்று சலித்துக்கொண்டு, ஐந்தையும் திருத்தி, ஊட்டிக்குப் பதினாறு என்று ஒட்டிவிட்டேன். கொல்லைப்புறத்தில் கடலை வைத்துக்கொண்டு வளர்ந்த எனக்கு ஊட்டி மேல் ஆசை என்பதையும் மறைப்பானேன். மலை மேல் இருந்த கல்லூரி இன்னொரு மலையைப் பார்க்கக் கிளம்பியது.

புறப்படும் காலையில் உள்ளூர்ப் பையன்கள் ஐந்து பேர் பையோடு எதிர்ப்பக்கம் நடந்தார்கள். "பஸ் இங்கே நிற்குது" என்றேன்.

"நாங்க ஊட்டுக்குப் போறமுங்க. காப்பிப் பழம் பறிக்கோணும். சீட்டுலயும் அதைத்தானுங்களே எழுதுனோம்" என்றான் அவர்களில் ஒருவனான மாதப்பன்.

பக்கத்தில் நின்ற பொன்னுவேல் விரலை மடக்கினான். பதினாறில் ஐந்து போனால் பதினொன்று. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறினான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஊட்டி ஏரிக்கரையில் பொன்னுவேல் வெகுநேரம் நின்றான். "நம்ம ஏரியவிடப் பெருசுதானுங்க" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. "லீவுக்கு எங்க ஊட்டுக்கு வா. கொல்லையைத் தாண்டினால் கடல்தான்" என்றேன்.

பொன்னுவேல் என் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தான். என் உள்ளங்கையை விரித்து, 'வீட்டுக்கு' என்று எழுதினான்.

"பிழையில்லாமக் கூப்புட்டாத்தான் வருவனுங்க."