ஏ முதல் எல் வரை

போகிக்கு முதல் நாள் பழைய சாமான்களை வாசலில் குவித்துக்கொண்டிருந்த என் மகள் நிவேதிதா, அட்டை போன ஒரு தடித்த புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். "அம்மா, இந்த டிக்‌ஷனரில பாதிதான் இருக்கு. எல் எழுத்தோட முடிஞ்சிடுது. போட்டுடவா?" நான் ஓடிப்போய்ப் பிடுங்கிய வேகத்தில் அவள் பயந்தே போனாள். பழைய காகிதக் கட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்டாள். சொல்லியிருக்கலாம். இருபத்தைந்து வருடமாக யாரிடமும் சொல்லாததை மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மீதிப் பாதி நாகவல்லியிடம் இருந்தது. அப்போது எங்கள் இருவருக்கும் இருபது வயது. நான் ஆவடி குவார்ட்டர்ஸ், அவள் பருத்திப்பட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் ரப்பர் வாஷர்களைப் பொட்டலம் கட்டும் வேலை. இங்கிலீஷ் வந்தால் ஆபீசுக்குள் போகலாம், ஆபீசுக்குள் ஃபேன் இருக்கும். எங்கள் லட்சியம் அவ்வளவுதான். ஆளுக்குப் பாதி போட்டு ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதி வாங்கினோம். யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று ஆவடி பிளாட்பாரத்திலேயே தகராறு. நாகவல்லி அதை முழங்காலில் வைத்து, எல் முடிகிற இடத்தில் ஒரே இழுப்பாகக் கிழித்து, முன்பாதியை என் மடியில் போட்டாள். "இந்தா, சண்ட ஓஞ்சிச்சி."

ஒரு நாள் என் முறை, மறுநாள் அவள் முறை. முதல் மூன்று எழுத்து ஒன்றாக இருக்கிற நாலு வார்த்தைகளை அர்த்தத்தோடு கொண்டுவர வேண்டும். ரயில் ஆவடியைவிட்டு அன்னனூர் சேர்வதற்குள் ஒன்று, திருமுல்லைவாயிலுக்குள் இன்னொன்று, அம்பத்தூருக்குள் மூன்றாவது, பட்டரவாக்கத்தில் இறங்குவதற்குள் நாலாவது. லேடீஸ் பெட்டியில் பூக் கட்டிக்கொண்டு வரும் பெண்கள்கூட எங்களோடு சேர்ந்து ஒப்பிப்பார்கள். நாகவல்லி அகராதியில் உள்ளதை அப்படியே சொன்னால் அவள் நாகவல்லி இல்லை. எம்-யு-எம் வந்த நாளில், முணுமுணுத்தல் என்று சொல்லாமல், "மம்பிள்னா இன்னா தெர்யுமா? பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட எங்கப்பா பேசுனாரே, அது" என்றாள். பெட்டியே சிரித்தது. அந்த இருபது நிமிஷத்தில் இருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு எந்த வேலையிலும் எந்த வீட்டிலும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் ரிசப்ஷன் நாற்காலி காலியானது. எங்கள் மேனேஜர் வார்த்தைப் பைத்தியம். பத்து வார்த்தை கொடுப்பார், அர்த்தம் எழுதுகிறவளுக்கு நாற்காலி. முந்தின நாள் சாயங்காலம் கணக்கு எழுதும் கங்காதரன் சார் என்னிடம் பேச்சுவாக்கில் உளறிவிட்டார். "எல்லாம் சி-ஓ-என்ல ஆரம்பிக்கிற வார்த்தைதாம்மா. பேப்பர்ல வந்தத வெட்டி வச்சிருக்கார்."

சி என் பாதியில் இருந்தது. மறுநாள் முறையும் என்னுடையது. வீட்டுக்குப் போய் அந்தப் பக்கங்களைக் கரைத்துக் குடித்தேன். காலையில் ரயில் ஏறியதும் நாகவல்லி, "இன்னிக்கி இன்னா எய்த்து?" என்றாள். "ஜி-ஆர்-ஏ" என்றேன். சரளைக்கல், மேய்தல், தானியக் களஞ்சியம், நன்றியுணர்வு. நாலையும் அவள் கண்ணை மூடிக்கொண்டு நெட்டுருப் போட்டாள். எனக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளத்தான் முடிந்தது.

பத்துக்கு எனக்கு எட்டு, அவளுக்கு இரண்டு. அடுத்த மாதம் அவள் வேலைக்கு வருவது நின்றது. குத்தம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். அந்த நாற்காலியில் நான் பதினோரு வருடம் உட்கார்ந்தேன். ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது.

குத்தம்பாக்கத்தில் புது பஸ் நிலையத்துப் பக்கம் அவள் இட்லிக் கடை போட்டிருக்கிறாள் என்று எப்போதோ காதில் விழுந்திருந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன். போகிப் புகை கலையாத காலையில், பாதி அகராதியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பூந்தமல்லியில் பஸ் மாறிப் போய் இறங்கினேன்.

"சாமுண்டி! இன்னாமே, இப்டி குண்டாயிட்ட?" என்று தட்டில் இரண்டு இட்லி வைத்தாள். சாப்பிட்டுவிட்டால் தைரியம் போய்விடும் என்று, கை வைக்காமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சி-ஓ-என், ஜி-ஆர்-ஏ, கங்காதரன் சார், எல்லாம். அவள் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டே கேட்டாள். மூடியைப் போட்டாள்.

"நாற்காலி கெடக்குது வுடு" என்றாள். "என் மண்டைல ஒண்ணும் ஏறாதுன்னு இத்தினி வருசமா நெனச்சிகினு கீறேன்மே. எம்புள்ள தமிழரசு சின்னதுல புஸ்தகம் எட்த்துகினு வந்தா, அப்பாகிட்ட போடான்னு தொரத்துவேன். எங்க தப்பா சொல்லிக் குட்த்துடுவேனோன்னு பயம்."

திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். இதற்கு நான் தயாராக இல்லை. அழக்கூட வெட்கமாக இருந்தது. பையிலிருந்து பாதியை எடுத்து பெஞ்சில் வைத்தேன்.

அவள் அதைத் தொடவில்லை. "என்னுது அந்த வருசமே போகில போட்டுக் கொளுத்திட்டேன்." பிறகு ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "அன்னிக்கி நீ குடுக்கவேண்டிய நாலு பாக்கி கீதுல்ல. குடு."

சி-ஓ-என் பக்கங்களை விரித்தேன். ஓரமெல்லாம் உதிர்ந்தது. "கன்சீல். மறைத்தல்."

"இது நீ பண்ணது. அடுத்து?"

"காண்டிமென்ட். சாப்பாட்டுக்குச் சுவை கூட்டுவது."

"காரச் சட்னி. ம்."

"கன்ஜீல். உறைதல்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள், அன்று ரயிலில் மூடிக்கொண்ட மாதிரியே. "கொழம்பு ஆறிப்போனா மேல எண்ண கட்டிக்குமே, அதான" என்றாள். உதட்டுக்குள் மூன்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். தப்பில்லாமல் சொன்னாள்.

அதற்குள் பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் இறங்கிக் கடைக்குள் வந்தார்கள். "அக்கா, ரெண்டு செட்டு இட்லி" என்று குரல் வந்தது. நாகவல்லி எழுந்தாள்.

"நாலாவது சொல்லிடாத. இரு, வரேன்."

மூடியைத் திறந்ததும் ஆவி எழுந்து அவள் முகத்தை மறைத்தது. நான் நாலாவது வார்த்தையின்மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். என் தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது.