நாற்பது நாள் ஈரம்

பொதுப்பணித் துறையில் முப்பத்தாறு வருஷம் ஓவர்சியராக இருந்தவன் நான். நான் தட்டிப் பார்க்காத சுவர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், சீனப் பெருஞ்சுவர். அதுவும் பாஸ்போர்ட் எடுக்கச் சோம்பல்பட்டதால். ஆகவே சங்கரன்கோவிலில் எந்த வீட்டுச் சுவரில் ஈரம் ஏறி ஓதம் அடித்தாலும் என்னைத் தேடித்தான் வருவார்கள்.

கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில் இசக்கித்துரை வந்து நின்றான்.

"அண்ணாச்சி, நான் வாடகைக்கு விட்ட வீட்டுச் சுவரு கறுத்துப்போய் நாறுதாம். எங்க வீட்டுக்காரி உள்ள போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுதா. அந்தப் பாஜிலா மூணு மாசமா ஜன்னலைத் தொறக்கவே இல்ல. வீட்டைக் கெடுத்தது அவதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லிருதேன்."

பாஜிலாவின் கணவர் யூசுப் விசைத்தறி ஓட்டியவர். ஆவணியில் இறந்துபோனார். அன்றிலிருந்து அவள் இத்தா இருக்கிறாள். நான்கு மாதம் பத்து நாள், கணவனோடு வாழ்ந்த அதே வீட்டில், அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். இன்னும் நாற்பது நாள் பாக்கி.

"ஏலே, அது முடியட்டுமே."

"அவ அக்கா வீடு கடையநல்லூர்ல இருக்கு அண்ணாச்சி. மிச்சத்தை அங்கன இருந்துக்கிடட்டும்."

போனேன். உள்ளே நுழைய முடியாது. பாஜிலா கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள். நான் வெளிச்சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"எவ்வளவு உசரம்மா ஏறியிருக்கு?"

"முட்டுக்கால் உசரம் அண்ணாச்சி. மேல மூலையில கறுப்பாப் பூசணம்."

"பூசணம் எப்போ வந்துச்சு?"

"ஜன்னலை அடைச்ச பொறவுதான்."

அவள் ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"கேட்டீங்களா!" என்று இசக்கி குதித்தான்.

"குதிக்காதலே. ஒரு சொம்பு தண்ணி கொண்டா."

இரண்டு வருஷத்துக்கு முன் இசக்கி வீட்டை ஒட்டிய காலியிடத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டு, ஆட்டோ நிறுத்த விட்டிருந்தான். அதில் தண்ணீரை ஊற்றினேன். தெருப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை அது. தலைதீபாவளி மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்குப் போவதுபோல நேரே சுவரடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"உன் தளம் வீட்டுத் தரையை விட முக்கால் அடி உசரம். கீழ ஏறுத ஓதம் உன்னுது. பூசணம் காத்து இல்லாம வந்தது, அது அந்தப் புள்ள கணக்கு. ஆனா ஜன்னலுக்கு நேரே பொழுதன்னைக்கும் டிரைவருமாரு உக்காந்து பேசுதானுவ. எப்படிலே தொறக்கும்?"

இசக்கி சிமெண்டைக் கால் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, நாளைக்கே கொத்தனாரைக் கூட்டியாந்து உள்பூச்சைக் கொத்திப் பூசிருதேன்."

நான் பெருமையில் குதுப்மினார் உயரத்துக்கு வளர்ந்திருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி. ஆம்பளையாளு உள்ள வரக் கூடாது. நாப்பது நாள் கழிச்சுக் கொத்துங்க."

"அதுக்குள்ள இன்னும் ஏறுமேம்மா. அது யாரு பொறுப்பு?"

"அந்த நாப்பது நாள் ஈரம் என் பொறுப்பு. அவுக மையித்தை இந்த வாசல் வழியாத்தான் தூக்கிட்டுப் போனாக. இத்தாவை இங்கனதான் முடிக்கணும். என்னைப் போகச் சொல்லாதீங்க."

"நீ சொல்லுததுதான் சரிம்மா" என்றேன். முப்பத்தாறு வருஷத்தில் அது முதல் தடவை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இசக்கி கடப்பாரை எடுத்து வந்தான். சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குத் தளத்தைத் தானே உடைத்து, தெருவரை தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டினான். மத்தியானத்துக்குள் ஆட்டோக்கள் இடம் மாறின. ஜன்னலுக்கு நாலடி தள்ளி ஆள் உயரத்துக்குத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினான்.

"தங்கச்சி, நாங்க வெளிய போறோம்" என்று குரல் கொடுத்தான்.

தெருவுக்கு வந்து வீட்டுக்கு முதுகு காட்டி நின்றோம். பின்னால் ஜன்னலின் துருவேறிய கொக்கி இரண்டு தடவை அடம்பிடித்து, மூன்றாவது தடவை விட்டது. பூசண வாடை தெருவரை வந்தது. இசக்கி மூக்கைப் பொத்தவில்லை.