மாலை போட்டவர் கொடுத்த டப்பா

இப்படி ஒரு மனுஷனோடு ரஞ்சிதம் எப்படித்தான் காலம் தள்ளுவாள்? புருஷன் தங்கவேலின் அண்ணன் பெருங்குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பப் போகிறது. "கூடப் பொறந்தவர் நீங்க, ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க" என்று டாக்டர் சுசித்ரா அப்போதே சொன்னார். அசைந்தால்தானே! தறியில பாவு நூல் ஏத்தணும், லுங்கி லோடு போவணும் என்று தினம் ஒரு சாக்கு. போதாக்குறைக்கு ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க மாலையும் போட்டுக்கொண்டார்.

"டப்பாவுல மலம்தானே கேக்கறாங்க, உன் தலையையா கேக்கறாங்க?" என்று அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. மறுநாளே தங்கவேல் திருத்தணி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறி டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தார். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

இன்று ரிசல்ட் வாங்க இருவரும் வந்திருந்தார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கண்ணுக்குத் தெரியாம ரத்தம் கலந்திருக்குங்க. டியூப் விட்டுக் குடலைப் பார்த்தாகணும்."

ரஞ்சிதம் சட்டென்று பக்கத்தில் திரும்பினாள். புருஷனோ திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா முழிக்கற?"

"மாலை போட்டுகினு அதையெல்லாம் தொடுவாங்களா? உதயாவைக் குடுக்கச் சொன்னேன். நம்ம புள்ளதானே, ஒரே வீட்டுச் சோறுதானேன்னு..."

"அடப்பாவி மனுஷா! புள்ள சாப்ட்டா உன் வயிறு ரொம்புமா?"

நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"பையனுக்கு என்ன வயசு?"

"இருபத்தொம்போது."

"இந்தக் குடல் கேன்சர் வயசானவங்களுக்குத்தான் வரும்னு நாங்க படிச்சோம். இப்ப உலகம் பூரா சின்ன வயசுலயே வருது, இன்னும் கூடும்ங்கறாங்க. வெறும் மூலமாவும் இருக்கலாம். பார்க்காம எதுவும் சொல்ல முடியாது. போன் போடுங்க."

ரஞ்சிதம் போன் போட, பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த உதயா எடுத்தான்.

"ஏண்டா, வெளிக்குப் போறப்போ ரத்தம் கித்தம் போவுதா?"

"ஆங். பொங்கல்லேர்ந்தே அப்பப்போ போவுது. சூடுன்னு மோர் குடிச்சுகினு இருக்கேன்."

"என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ கத்துவியேம்மா."

ரஞ்சிதம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தறிய நிறுத்திட்டு இங்க வா, நைனா" என்றாள்.

"கேக்கலம்மா, தறிச் சத்தம். கொஞ்சம் சத்தமா சொல்லு!" என்றான் உதயா.