பாஸ்டரின் வீட்டுப்பாடம்

என் வீட்டுக்காரர் ஐம்பத்தைந்து வயதில் காது கொடுத்துக் கேட்பதற்குப் படிக்கப் போனார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போதகர்களுக்கும் ஆலய ஊழியர்களுக்கும் தொடர் பயிற்சி என்று தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. சபையை நடத்துவது, கமிட்டியில் சண்டை வந்தால் தீர்ப்பது, கம்ப்யூட்டரில் பதிவேடு வைப்பது என்று வாரத்துக்கு ஒரு பாடம். அதில் ஒன்று, கேட்பது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் கரடியாகக் கத்தியும் வராததை ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அவரைக் குறை சொல்லக் கூடாது, நல்ல மனிதர். ஆஸ்பத்திரி, சாவு வீடு, கோர்ட்டு வாசல் என்று யார் கூப்பிட்டாலும் சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துவிட்டு ஓடுவார். ஆனால் எதிரில் இருப்பவர் கண் கலங்க ஆரம்பித்தால் போதும், “ஜெபம் பண்ணிக்கலாமா?” என்று எழுந்துவிடுவார். உருக்கமாகத்தான் ஜெபிப்பார். ஆமென் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறக்கும்போது கால் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். அழ வந்தவர் அழாமலே நன்றி சொல்லி வழியனுப்ப வேண்டியதுதான்.

பயிற்சியில் நோயாளியைச் சந்திப்பது போல நடித்துக் காட்டச் சொன்னார்களாம். நோயாளியாக வாய்த்தவர் பக்கத்துச் சபைப் போதகர். அவருக்கு நான் வைத்திருக்கிற பெயர் லொடலொட பாஸ்டர். ஒருமுறை எங்கள் வாசலில் நின்றுகொண்டு, “உள்ள வரலம்மா, அவசரம்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து பாத்திரமும் கருகிவிட்டது. அந்த மனிதர் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொண்டு, “எனக்குப் பயமா இருக்கு பாஸ்டர்” என்று முனகியிருக்கிறார். மேற்கொண்டு ஒரு வார்த்தை வருவதற்குள் இவர் எழுந்து நின்று தலையில் கை வைத்து ஜெபிக்கத் தொடங்கிவிட்டார்.

பயிற்சி கொடுக்க வந்த அம்மா பல வருஷம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுகிற ஊழியம் செய்தவர். அவர் ஆமென் வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாராம்: “பாஸ்டர், உங்களுக்கு அவரோட ஜெபிக்கணும்னு இருந்துச்சா, இல்ல அங்கேருந்து கிளம்பணும்னு இருந்துச்சா?”

இதை அன்று சாயங்காலம் அவரே என்னிடம் சொன்னார். முகத்தில் ஈயாடவில்லை. முன்னால் வைத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

“அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்த சொல்ல? எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க.” டீயில் கட்டிய ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு, “வீட்டுப்பாடம் வேற குடுத்திருக்காங்கம்மா” என்றார். யாராவது ஒருவர் பேசுவதை அரை மணி நேரம் கேட்டுவிட்டு வர வேண்டுமாம். வசனம் சொல்லக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, சொந்தக் கதையை இழுக்கக் கூடாது, முக்கியமாக ஜெபத்தில் முடிக்கக் கூடாது. “நீ கொஞ்சம் ஒத்தாசை பண்றியா?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்தவள் இப்போது வீட்டுப்பாடத்துக்குப் பயன்படுகிறேன். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சொல்லவில்லை, அதற்குக் காரணம் உண்டு.

எங்களுக்கு மூத்தது ஒரு பெண் பிள்ளை. நாலு மாதம் இருந்தாள், காய்ச்சல் வந்து போய்விட்டாள். அப்போது அவர் ஊழியம் செய்த சபையின் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் பண்ணினோம். அடுத்த வருஷமே மாற்றல் வந்தது. போதகர் வீட்டுச் சாமான் எல்லாம் லாரியில் ஏறும், கல்லறையை யாரால் ஏற்ற முடியும்? பிறகு ஒரு மகன் பிறந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டான். பாப்பாவைப் பற்றி மட்டும் நாங்கள் பேசியதே இல்லை. நான் ஆரம்பித்தால் அவர் ஜெபிப்பார். பல வருஷத்துக்கு முன்பே நான் ஆரம்பிப்பதை நிறுத்திவிட்டேன். அடக்கம் நடந்த அன்று அவர் செய்த காரியம் ஒன்று அப்படியே என் நெஞ்சில் கிடந்தது. அதைச் சொல்லாமலே நானும் ஒருநாள் போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்றுதான் எனக்குப் பயம்.

அரை மணி நேரம் எழுந்து போக மாட்டார் என்றால் விடுவேனா?

திங்கட்கிழமை காலை வைத்துக்கொண்டோம். ஞாயிறு முழுக்க நின்று பேசுகிறவர்களுக்குத் திங்கள்தான் விடுமுறை. சமையலறை மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அவர் செல்போனில் அலாரம் வைத்து மேஜை நடுவில் வைத்தார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கையையும் விரித்துத் தொடைமேல் வைத்து, லேசாக முன்னால் சாய்ந்தார். போட்டோ பிடிக்கப் போகிறவர் மாதிரி இருந்தார்.

“சொல்லும்மா.”

எடுத்த எடுப்பில் எனக்கு வரவில்லை. குழாயைப் பற்றி ஆரம்பித்தேன். “இந்தச் சமையக்கட்டுக் குழா ஒழுகுது. சபைக் கமிட்டிக்குச் சொல்லி எத்தனை மாசமாச்சு. யாரும் எட்டிக்கூடப் பாக்கல.”

அவர் தலையை ஆட்டினார். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது பாடம். “குழா ஒழுகறது உனக்கு வருத்தமா இருக்கு.”

“வருத்தமா இல்லங்க, ஈரமா இருக்கு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டு வந்த ஆள். எப்போதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிறவர் உட்கார்ந்தபடியே, “அப்புறம் வாங்க தம்பி, வேலையா இருக்கேன்” என்று குரல் கொடுத்தார். நான் பேசுவதைக் கேட்பதை அவர் வேலை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அது எப்படியோ என்னை அசைத்துவிட்டது.

“பாப்பாவ அடக்கம் பண்ணின அன்னிக்கு நடந்தத சொல்லட்டுமா?” என்றேன்.

அவர் கை இரண்டும் மூடிக்கொண்டன. பிறகு ஒவ்வொரு விரலாக விரித்தார். “சொல்லு.”

“வட்டாரத்துப் பெரிய பாஸ்டர் வந்து நடத்தித் தர்றேன்னுதான சொன்னாரு? நீங்க வேண்டாம்னுட்டீங்க. எம் பிள்ளைக்கு நானே செய்யறேன்னு அங்கியப் போட்டுட்டு வந்து நின்னீங்க. குரல் கொஞ்சங்கூட நடுங்கல. எல்லாரும் என்ன விசுவாசம், என்ன விசுவாசம்னாங்க. இன்னிக்கும் கூட்டங்கள்ல அதச் சாட்சியா சொல்றாங்க. நீங்க குழிக்கு அந்தப் பக்கம் நின்னீங்க, நான் இந்தப் பக்கம். என் முழங்கையப் பிடிச்சிட்டிருந்தது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. யாரோ ஒரு அம்மா. எம் பிள்ளைய அடக்கம் பண்ண ஒரு பாஸ்டர் இருந்தாரு. அவளுக்கு அப்பா வரல. எனக்குப் புருஷன் வரல.”

அவர் வாய் திறந்தது. உதடு எந்த வார்த்தைக்குக் கூடியது என்று எனக்குத் தெரியும். அதே வேகத்தில் மூடிக்கொண்டார். நான் விடவில்லை.

“அதுகூடப் பரவால்லங்க. முடிஞ்சதும் தோட்டத்து கேட் பக்கத்துல போய் நின்னீங்க. ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சா நிக்கற மாதிரி. வரிசையா வந்தவங்களுக்கெல்லாம் கை குடுத்தீங்க. கடைசியா நான் வந்தேன். எனக்கும் கை நீட்டினீங்க. என் கையக் குலுக்கி, ‘கர்த்தர் உங்களுக்கு ஆறுதல் தருவார்’னு சொன்னீங்க. எங்கிட்ட. ‘உங்களுக்கு’ன்னு.”

சொல்லியாகிவிட்டது. நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தேன், ஆகவில்லை. அவர் எழுந்து போகவில்லை. குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அலாரம் அடித்தபோது இருவருமே திடுக்கிட்டோம், நான்தான் அதை அமர்த்தினேன்.

“இப்ப நான் பேசலாமா?” என்றார்.

“பேசுங்க.”

“உனக்குக் கை குடுத்தேனா?” என்று கேட்டார். “எனக்கு ஞாபகமே இல்லம்மா. அங்கிய மாட்டினது ஞாபகம் இருக்கு. அது இல்லாம என்னால அங்க நிக்க முடியாதுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் ஒண்ணுமே ஞாபகம் இல்ல.”

என்னை இத்தனை வருஷமாக அறுத்துக்கொண்டிருந்தது அவருக்கு ஞாபகம்கூட இல்லையாம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. மேஜைமேல் இருந்த டீ கிளாசை ணங்கென்று தொட்டியில் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். துணி துவைத்தேன், துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்குமே அவர் அங்கே இல்லை. நான் தேடியபோது கிடைக்காத மனிதர் தனக்கே கிடைக்கவில்லை. அழுதேன். யார்மேல் இரக்கப்பட்டு அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அடுத்த வகுப்பில் ஒவ்வொருவரும் வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பேச வேண்டும். லொடலொட பாஸ்டர் கேட்கப் போன வீட்டில் தானே பேசிவிட்டு வந்த கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாராம். இவர் முறை வந்ததும், “கேட்டேன். என்ன கேட்டேன்னு இங்க சொல்ல மாட்டேன். அது எங்க வீட்டு விஷயம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். பயிற்சி கொடுக்கிற அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. டீ குடிக்கிற இடைவேளையில் இவர் லொடலொட பாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுப் போயிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து என் முன்னால் நின்றார். பெண் கேட்டு வந்தவர் மாதிரி வார்த்தைக்குத் தடுமாறினார். “சனிக்கிழம பாப்பாகிட்ட போய்ட்டு வரலாமா? அங்க ஒரு சின்ன ஆராதனை வச்சுக்கலாம், நம்ம ஆளு வந்து நடத்தறேன்னு சொல்லிட்டாரு. நான் சும்மா நிக்கறேன். உம் பக்கத்துல.”

“நம்ம ஆளுன்னா, அந்த லொடலொடயா?”

“அவர்தான். நீ வேண்டாம்னா வேற யாரையாவது...”

“இருக்கட்டும். ஆனா நீங்க அங்கிய எடுத்து வச்சீங்க, நான் பஸ்ஸே ஏற மாட்டேன்.”

பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். லொடலொட பாஸ்டர் வழியெல்லாம் டிரைவரிடம் பேசிக்கொண்டே வந்தார். கல்லறைத் தோட்டத்து கேட்டைத் தாண்டியதும் வாயை மூடிக்கொண்டார். அந்தச் சபையில் இப்போது இருக்கிற போதகரிடம் முன்பே சொல்லியிருந்ததால் புல்லைச் செதுக்கிச் சுத்தம் பண்ணி வைத்திருந்தார்கள். சின்னச் சிமெண்டுச் சிலுவை. பெயரில் இரண்டு எழுத்து மழையில் தேய்ந்து போயிருந்தது. நான் நினைவில் வைத்திருந்ததைவிட அந்த இடம் ரொம்பச் சின்னதாக இருந்தது.

லொடலொட பாஸ்டர் அங்கியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார். இவர் வெறும் சட்டையோடு என் பக்கத்தில் நின்றார். கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார், சட்டைப் பையில் விட்டு எடுத்தார். எத்தனையோ அடக்க ஆராதனைகளில் புத்தகம் பிடித்தே பழகின கை.

ஆராதனை தொடங்கியது. லொடலொட பாஸ்டர் நிதானமாக வாசித்தார், கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ஓரிடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார். அவ்வளவுதான், இவர் அடுத்த வரியை வாய்க்குள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். விலாவில் ஒரு இடி இடித்தேன். “ஸ்” என்று என்னைப் பார்த்தார். “இன்னிக்கு அது உங்க வேலை இல்ல” என்று காதில் சொன்னேன். தலையை ஆட்டினார்.

பிறகு எதிரே நின்ற அவர் எங்கள் பிள்ளையின் முழுப் பெயரையும் சொல்லி, “இவளுடைய தகப்பனும் தாயும் இங்கே நிற்கிறார்கள்” என்று வாசித்தார்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அழுதார். மூக்கை உறிஞ்சி, தோள் குலுங்க, சத்தம் போட்டு அழுதார். யாரும் ஜெபம் பண்ணிக்கலாமா என்று கேட்கவில்லை. அந்தப் பக்கம் நின்றவர் புத்தகத்தை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு காத்திருந்தார். நானும் அழுதேன். இந்தத் தடவை என்னைப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

எல்லாம் முடிந்தது. லொடலொட பாஸ்டர் எங்களுக்கு முன்னால் நடந்து போய், பழக்க தோஷத்தில், கேட்டருகே திரும்பி நின்றுவிட்டார். வரிசையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் வலது கையை நீட்டினார்.

என் வீட்டுக்காரரின் வலது கை என் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், நீட்டியிருந்த கையைப் பார்த்தார். விடுவார் என்று நினைத்தேன். எத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விடும் என்று நினைத்தேன்.

“மன்னிச்சுக்கங்க பாஸ்டர், இந்தக் கைய இப்ப எடுக்க முடியாது” என்று சொல்லிவிட்டு இடது கையை நீட்டினார்.